‘ஒளியன் படுவீதம்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பரப்பின் மேல் நொடிக்கு எத்தனை ஃபோட்டான் (ஒளியின் ஆற்றல் துணுக்கு; தமிழில் ஒளியன்) விழுகிறது என்பதற்குத் தனிச்சொல் எதற்கு, ‘ஒளிச்செறிவு’ போதாதா என்று முந்தைய மடலில் கேட்டிருந்தார்கள். போதாது என்றே நினைக்கிறேன். பள்ளிப் பாடநூலின் அடிப்படை அலகுகள் பட்டியலில் கேண்டெலாவுக்கு நேரே ஒளிச்செறிவு என்று இருக்கிறது. ஒளிமின் விளைவுப் பாடத்துக்கு வந்தால் ‘படும் ஒளியின் செறிவு’ சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற பொருளில் வருகிறது. ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல்லின் தலையில் மூன்றாவதையும் கட்ட வேண்டாம்.

வாட் கணக்கும் எண்ணிக்கைக் கணக்கும் வேறு வேறு என்பதுதான் இங்கே முக்கியம். செடி வளர்க்கப் பயன்படும் எல்.இ.டி. விளக்கையே எடுத்துக்கொள்வோம். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, சதுர மீட்டருக்கு 100 வாட் என்று விழுகிறது. பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் கிடைக்கும்: 3.01 × 10⁻¹⁹ ஜூல். 100-ஐ இதனால் வகுத்தால், சதுர மீட்டருக்கு நொடிக்கு 3.32 × 10²⁰ ஃபோட்டான். இப்போது அதே 100 வாட்டை 450 நானோமீட்டர் நீலத்தில் கொடுங்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் 4.41 × 10⁻¹⁹ ஜூல் கொண்டுவருவதால் எண்ணிக்கை 2.27 × 10²⁰ ஆகக் குறைந்துவிடுகிறது. செறிவு மாறவே இல்லை, எண்ணிக்கை மட்டும் மூன்றில் ஒரு பங்கு போல இறங்கிவிட்டது. ஒளிச்சேர்க்கையைப் பொறுத்தவரை இலைக்குள் எத்தனை ஃபோட்டான் போகிறது என்பதே முதல் கேள்வி. அதனால்தான் வேளாண் ஆய்வாளர்கள் அவகாட்ரோ எண்ணால் (6.022 × 10²³) வகுத்து மைக்ரோமோலில் (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பேசுகிறார்கள். அந்தக் கணக்கில், சதுர மீட்டருக்கு நொடிக்கு, மேலே சொன்ன சிவப்பு 552, நீலம் 376. நல்ல உச்சிவெயிலில், கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான பகுதியில் மட்டும், கிட்டத்தட்ட 2000 வரும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘ஒளியன் செறிவு’ என்ற பரிந்துரை சுருக்கமாக இருக்கிறது. ஆனால் வேதியியல் படித்தவர் செறிவு என்றதும் ஒரு லிட்டரில் எவ்வளவு என்றுதான் எடுத்துக்கொள்வார். பருமனில் எத்தனை என்பதும் பரப்பில் நொடிக்கு எத்தனை என்பதும் ஒன்றல்ல. ‘ஒளியன் பொழிவு’ காதுக்கு இனிமைதான். ஆனால் அது பொழிகிற விளக்கை நினைவூட்டுகிறது; நமக்கு வேண்டியது வாங்குகிற பரப்பு.

‘ஒளியன் பாய அடர்த்தி’ இலக்கணப்படியும் இயற்பியல்படியும் சரியானது. காந்தப் பாய அடர்த்தி என்று பாடநூலில் பழகிய அமைப்பு. எனக்குள்ள தயக்கம் ‘பாயம்’ மீதுதான். ஒளியளவியலில் பாயம் என்றால் பரப்பு முழுவதிலும் நொடிக்குப் பாயும் ஒளியின் மொத்தம். வெப்பக் கடத்தல், அணுக்கருத் துறைகளில் அதற்கு இணையான ஆங்கிலச் சொல்லே (flux) பரப்பலகுக்கு உரிய அளவாகவும் வழங்குகிறது. அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவரத் தேவையில்லை. பாயத்தை மொத்தத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: ஒளியன் படுவீதம். படுகதிர், படுகோணம், படுபுள்ளி எல்லாம் பள்ளி நாளிலிருந்தே பழகியவை. படுவது என்றால் வந்து தொடுவது. உட்கவரப்படுவதோ எதிரொளிப்பதோ அதற்கு அப்புறம் நடப்பது. இந்த வேறுபாடு சூரிய மின்கலத்தில் அப்படியே பயன்படும். படுவீதம் என்பது கலத்தின் மேல் விழுந்தவை அத்தனையும். அதில் எத்தனை விழுக்காடு எலக்ட்ரானாகக் கைக்கு வந்தது என்பது தனிக்கணக்கு. ‘வீதம்’ நொடிக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களிலும் அது பழகிய சொல்தான். பரப்பலகு வெளிப்படையாக இல்லையே என்பீர்கள். மழையளவு இத்தனை மில்லிமீட்டர் என்கிறோம், பரப்பை யாரும் தனியாகச் சொல்வதில்லை. வரையறையில் ஒருமுறை சொன்னால் போதும்.

பரப்பு சாய்ந்திருந்தால் படுகோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். அந்த வாக்கியத்தில் படுகோணமும் படுவீதமும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போது மாணவருக்குத் தொடர்பு தானாகவே புரியும். இதற்காகவே இந்தச் சொல்லை நான் விரும்புகிறேன்.

வெள்ளை ஒளிக்கு ஒரே அலைநீளத்தை வைத்துக் கணக்கிட முடியாது. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாக வகுத்துக் கூட்ட வேண்டும். அதற்கு மாவட்டவாரி, வகுப்புவாரி போல ‘அலைநீளவாரிப் படுவீதம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒளியனா, ஒளியணுவா என்ற வழக்கு இந்த இழையிலும் எட்டிப் பார்த்தது. 1926-இல் கில்பர்ட் லூயிஸ் ஃபோட்டான் என்ற பெயரை முன்வைத்தபோது, ஆக்கவோ அழிக்கவோ முடியாத ஒருவகைப் புது அணு என்றே அதைக் கருதினார். அந்தக் கருத்து நிற்கவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டால் ஃபோட்டான் உண்டாகிறது, கறுப்புத் துணியில் பட்டால் மறைகிறது. ஆகவே ‘அணு’ என்ற ஒட்டு வேண்டாம் என்பது என் பக்கம். ‘ஒளியன்’ பிடிக்காதவர்கள் ‘ஃபோட்டான் படுவீதம்’ என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. பின்பாதி நிலைத்தால் போதும்.

‘படு’ என்பது படுவேகம், படுமோசம் போல மிகுதியைக் காட்டுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். இதைவிடத் தெளிவான முன்னொட்டு கைவசம் இருந்தால் எழுதுங்கள். வரும்போது, மேலே உள்ள சிவப்பு-நீலக் கணக்கை உங்கள் சொல்லை வைத்து ஒருமுறை எழுதிக் காட்டுங்கள். ஒப்பிட வசதியாக இருக்கும்.