ஆசியக் கற்கைகள் பிரிவில் மாலைநேரக் கலைநிகழ்ச்சிகள் கூடி விரிவுரை குறைவது சரியா?

வெள்ளவத்தை வாசகன்:
கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசியக் கற்கைகள் பிரிவு இந்தப் பருவத்துக்கான பொது நிகழ்ச்சிகளை அறிவித்திருக்கிறது. சீனப் புத்தாண்டு மாலை, ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு, கொரிய உணவு விழா, பரதநாட்டியம் என்று பட்டியல் நீளுகிறது. விரிவுரை இரண்டே இரண்டு, அவையும் ஆங்கிலத்தில் மட்டும். தூதரகம் அனுசரணை தருகிறது, மண்டபம் நிறைகிறது, படங்கள் முகநூலில் ஏறுகின்றன. வெளியே வரும் பிள்ளையிடம் என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் பதில் இல்லை. கலைமாலைகளைப் பாதியாகக் குறைத்து, தமிழிலும் சிங்களத்திலும் விரிவுரை வையுங்கள் என்கிறேன்.

கலைப்பீட மாணவி:
அண்ணா, நான் அந்த ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறன். போன முறை தேநீர்ச் சடங்குக்கு நீங்கள் வந்தீங்களா? மட்சா எண்ட பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில மூங்கில் மத்தால் நுரை வரும்வரைக்கும் அடிச்சு, கிண்ணத்தை விருந்தாளியிட்ட குடுப்பினம். விருந்தாளி அதை உள்ளங்கையில் வச்சு மெல்லத் திருப்பிப்போட்டுத்தான் குடிக்க வேணும். ஏன் திருப்புறது எண்டு ஒரு முதலாம் வருடப் பொடியன் எழும்பிக் கேட்டான். கிண்ணத்தின் வடிவான பக்கத்தை எங்களுக்கு நேரே வைக்கினம், அந்தப் பக்கத்தில வாய் வைக்காமல் விலத்துறதுதான் பணிவு எண்டு வந்தவர் சொன்னார். அதில தொடங்கின கேள்விகள் ஜென் பௌத்தம்வரை போய்த்தான் நிண்டது. அறிவித்தல் பலகையில் "ஜென் பௌத்தம்: ஒரு அறிமுகம்" எண்டு போட்டிருந்தால் அந்தப் பொடியன் வந்திருக்கவே மாட்டான்.

வெள்ளவத்தை வாசகன்:
தங்கச்சி, கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் சொல்லத் தெரிந்த ஒருவரும் அன்றைக்குச் சந்தித்தார்கள். சந்தோஷம். சீனப் புத்தாண்டு மாலைக்கு நானும் வந்திருந்தேன். இலங்கைக்கும் சீனாவுக்கும் நூற்றாண்டுகால நட்பு என்று அறிவிப்பாளர் வாசித்தார், சிங்க நடனம் ஆடினார்கள், முடிந்தது. நம்முடைய கொழும்பு தேசிய நூதனசாலையில் சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே காலிக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல் நிற்கிறது. ஆண்டு 1409. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையில் கோயில்கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று கணக்கோடு. 1911இல் கண்டெடுத்தபோது அது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்தது. சீனாவிலிருந்து ஒருவன் தென்னிலங்கைக்கு வரத் தமிழில் கல் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஏன்? அந்தத் துறைமுகத்தில் யார் வியாபாரம் செய்தார்கள்? இதைவிடப் பெரிய ஆசியக் கற்கை நமக்கு எங்கே கிடைக்கும்? அந்த மாலையில் இதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

தெமட்டகொடை நானா:
வாசகன் சொல்றது சரி. அந்தக் கல்லில பாரசீகப் பகுதிதான் ஆகத் தேய்ஞ்சு போனது. எங்கட பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது அங்க இருக்கிறதே தெரியும்? இன்னொண்டும் இருக்கு. அதே செங் ஹே படைதான் இங்க சண்டை பிடிச்சு, அப்ப இங்க ஆண்ட அழகேஸ்வரனைச் சிறைபிடிச்சு, 1411இல் சீனப் பேரரசர் முன்னால நிறுத்தினது. பிறகு விட்டுட்டாங்க. காணிக்கைக் கதையோட இந்தக் கதையையும் சேர்த்துத்தானே வரலாறு? அனுசரணைக்காரர் முன்வரிசையில இருக்கிற மேடையில அதை யார் சொல்லுவாங்க?

கலைப்பீட மாணவி:
நானா, காசுக் கதையைத் தெளிவாச் சொல்லுறன். தூதரகம் தாறது அந்த நிகழ்ச்சிக்கெண்டு மட்டும் தாற காசு. விழாவை வெட்டினால் அந்தக் காசும் போகும், விரிவுரைக்கு ஒரு சதமும் வந்து சேராது. பாதியாக் குறைக்கச் சொல்லுறவை இதை யோசிக்க வேணும்.

மட்டக்களப்பான்:
கலை என்றால் அறிவில்லாத கேளிக்கை என்பதுபோலப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்ன செய்தார்? மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகிக் கூத்தையே ஆராய்ந்தார். அதற்கு முன்பே 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர இந்தக் கொழும்பில் மனமே என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அவர் எடுத்துக்கொண்ட நாடகம என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவம் தமிழ்க் கூத்தின் வழி வந்தது. இரண்டு சமூகமும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்ததை நூறு விரிவுரை வைத்தாலும் அந்த ஓர் இரவைப்போலக் காட்ட முடியாது. ஆட்டத்தைக் கண்ணால் காணாதவனுக்குத் தாளக்கட்டைப் பற்றி என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

வெள்ளவத்தை வாசகன்:
ஐயா, நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. வித்தியானந்தன் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் போனார், மாணவர்களை மாதக்கணக்கில் ஆடப் பழக்கினார். அது ஆய்வு. வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து ஒரு மணித்தியாலம் ஆடிவிட்டு விமானம் ஏறுவதும் அதுவும் ஒன்றா?

மட்டக்களப்பான்:
ஒன்றல்ல. அப்படியென்றால் அந்தக் குழுவை மறுநாளும் மறித்துவைத்துப் பட்டறை நடத்தச் சொல்லிக் கேளுங்கள். குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கிராமத்திலிருந்து கொழும்புக்குப் படிக்க வரும் பிள்ளைக்கு வேறு நாட்டுக் கலையைக் காசில்லாமல் பார்க்க இந்த நகரத்தில் வேறு எந்த வாசல் திறந்திருக்கிறது? என் ஊர்ப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

கலைப்பீட மாணவி:
பட்டறை யோசனையையும் கல்லையும் வாற குழுக் கூட்டத்தில வைக்கிறன். அடுத்த சீன மாலைக்கு முதல் நாள் நூதனசாலைக்குப் போய், மூண்டு மொழியும் தெரிஞ்ச ஆக்களை அந்தக் கல்லுக்கு முன்னால நிப்பாட்டி வாசிக்க வைக்கலாம். தமிழில கேள்வி கேக்கலாம் எண்டும் அறிவித்தலில போடுவம். ஆனா மாலையைக் குறைக்க நான் கை தூக்க மாட்டன்.

தெமட்டகொடை நானா:
வெள்ளிக்கிழமை பகலில மட்டும் வைக்காதீங்க தங்கச்சி, ஜும்ஆ இருக்கு. பாரசீகம் வாசிக்க ஆள் தேடித் தாறது என்ட பொறுப்பு.

வெள்ளவத்தை வாசகன்:
வாசிப்புக்கு நானும் வருவேன். அங்கே 1411ஐயும் சொல்லுங்கள், அனுசரணையாளரின் பெயர் பதாகையில் இருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு விரிவுரை என்ற கணக்கு மாறும்வரை என் கோரிக்கை அப்படியே இருக்கும்.