மறு: ஷாஹீன் வல்லூற்றுக்குத் தமிழ்ப்பெயர்

> ஷாஹீன் என்பது நம் 'சேனம்'தான். 'சேன வல்லூறு' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, ஓசைதான் ஒத்துப்போகிறது, உறவு இல்லை. சேனம் வடமொழிச் 'சியேன'த்திலிருந்து வந்தது. அதற்கு ஈரானியக் கிளையில் உடன்பிறப்பு, ஜொராஸ்திரியரின் பழைய மறைநூலான அவெஸ்தாவில் வரும் 'சயேன'. அது தேய்ந்து, சீமுர்க் என்ற பாரசீகப் புராணப் பறவையின் பெயரில் 'சீ' என்று நிற்கிறது. ஷாஹீன் வேறு வழியில் வந்தது. பாரசீகத்தில் ஷாஹ் என்றால் அரசன். அதோடு ஒரு விகுதி. அரசனுக்குரியது, அவ்வளவுதான். இஸ்லாத்துக்கு முந்தியே இருந்த சொல். 615இல் கான்ஸ்தாந்திநோபிளின் எதிர்க்கரையான கல்கெதோன் வரை படையோடு வந்த சாசானியப் (இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகப் பேரரசின்) படைத்தளபதியின் பெயரும் ஷாஹீன்.

அப்புறம் வேட்டைப் பறவையோடு சொல்லும் ஊர் ஊராகப் போனது. அரபியில் 'ஷவாஹீன்' என்று அந்த மொழிக்கே உரிய பன்மை எடுத்துக்கொண்டது. துருக்கியில்தான் வேடிக்கை: அங்கே ஷாஹின் வல்லூறே இல்லை, வட்டமிட்டு எலி பிடிக்கும் வேறொரு பறவை. பாரசீகத்திலேயே தராசுக் கோலுக்கும் ஷாஹீன் என்று பெயர் உண்டு. தராசு என்ற சொல்லை அவர்களிடம் வாங்கிய நாம், கோலை மட்டும் நம்முடையதாகவே வைத்துக்கொண்டோம்!

சரி, பெயருக்கு வருவோம். நம் மலைப்பாறைகளிலும் இலங்கையின் சிகிரியாக் குன்றிலும் கூடு கட்டும் இந்த ஷாஹீன், பொரி வல்லூற்றின் (peregrine falcon) துணையினம். 1837இல் சுவீடன் பறவையியலர் சுந்தேவால் விவரித்தது. 'அரச வல்லூறு' பொருளளவில் சரி. ஆனால் ராஜாளி என்ற சொல்லே கழுகுக்கும் வல்லூற்றுக்கும் பொதுவாகிக் குழம்பிக் கிடக்கிறது, இன்னொரு அரசன் வேண்டாம். நானே முதலில் 'செவ்வயிற்று வல்லூறு' என்று குறித்திருந்தேன். கருந்தலையும் செவ்வயிறும் உள்ள சிறிய வல்லூறு இன்னொன்றும் நம் பறவைப் பெயர்ப் பட்டியலில் இருப்பதைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். குறுந்தொகை 151இல் எழால் என்ற வேட்டைப் பறவை பாய, துணையைக் காணாத வங்கா என்ற பறவையின் பேடை குழல்போல அகவுகிறது. 'எழால்' என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசைதான். ஆனாலும் வேட்டையாடும் பறவை என்ற அளவில் பாட்டு காட்டும் சொல்லைப் பிடித்து ஒரு துணையினத்துக்குள் அடைப்பது அநியாயம்.

ஆகவே என் வாக்கு 'சாகீன் வல்லூறு'. கிரந்த எழுத்தும் வேண்டியதில்லை. பட்டியலில் ஏற்றுபவர் 'கீ' நெடிலை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'சாகின்' என்றால் 'செத்தால்' என்று பொருளாகிவிடும்.