800 மீட்டர் ஓடும் மகள்: கல்லூரி கோச்சுகளை அணுகுவது எப்படி?

வணக்கம். அமெரிக்காவில் 11ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். முன்பெல்லாம் முதல் சுற்றிலேயே தெம்பையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசி 200 மீட்டரில் தோள் இறுகித் திணறுவாள். இப்போது நிதானமாகப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி வளைவில் முந்துகிறாள். யாரும் எழுப்பாமலே விடியற்காலையில் ஷூ மாட்டிக் கிளம்பிவிடுகிறாள் (நான் எழுவதில்லை, அது வேறு கதை).

கல்லூரி அணியில் ஓட ஆசைப்படுகிறாள். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) தன் டிவிஷன் 1, 2 பிரிவுக் கல்லூரிகளில் விளையாட, பள்ளியில் படித்திருக்கக் கேட்கும் 16 முக்கியப் பாடங்கள் ஒழுங்காகப் போகின்றன. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்பு நன்றாக இருந்தால் எனக்கு அதுவும் சம்மதம்தான்.

கோச்சுகளுக்கு முதல் மின்னஞ்சலை அவளே எழுதுவதுதான் சரியா? ஓட்ட நேரங்களே போதுமா, வீடியோவும் கேட்பார்களா? பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.