58 வயதில் கொண்டையை அவிழ்த்தது தவறா?

கேள்வி: சுங்கை சிப்புட் வாசகி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் நகருக்கு அருகே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையாகவும் பாதி தாமானாகவும் (வீடமைப்புப் பகுதி) மாறிவிட்ட ஓர் இடத்தில் நான் குடியிருக்கிறேன். எனக்கு வயது 58. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலையை இறுக்கி வாரிக் கொண்டை போட்டே பழகியவள். சென்ற ஆண்டு முதல் நெற்றியோரத்திலும் காதுகளுக்கு மேலேயும் முடி கொட்டித் தோல் தெரியத் தொடங்கியதால், இடுப்பு வரை இருந்த கூந்தலைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டேன். சாயம் பூசுவதையும் நிறுத்திவிட்டேன். பக்கவாட்டில் ஒரு கிளிப் மட்டும் குத்திக்கொண்டு, நரைத்த முடியைத் தோளில் விட்டுவிடுகிறேன்.

கண்ணாடியில் பார்க்கும்போது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, "பேரன் பேத்தி எடுத்த பிறகு என்ன இது தலைவிரி கோலம்?" என்று என் நாத்தனார் நான்கு பேர் நடுவில் கேட்டுவிட்டார். ஈப்போவில் வேலை செய்யும் என் மகளோ, நரையை மறைத்துச் சாயம் பூசிக்கொள்ள வேண்டும் அல்லது பழையபடி கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் வீட்டில் கவனிப்பாரற்றவளைப் போலத் தெரிகிறது என்கிறாள். ஒருவர் எனக்கு வயதாகிவிட்டது என்கிறார். மற்றவர் வயது தெரியக் கூடாது என்கிறார்.

அடுத்த மாதம் என் அண்ணன் மகனுக்குத் திருமணம். அத்தை என்ற முறையில் ஆரத்தி எடுக்க வேண்டியவள் நான். ஒரு வயதுக்கு மேல் பெண்கள் தலைமுடியை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே ஏதேனும் முறை இருக்கிறதா, அல்லது நாமாக உண்டாக்கிக்கொண்டதா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: பீடோங் நண்பன்

வள்ளுவரே "மழித்தலும் நீட்டலும் வேண்டா" என்று சொல்லிவிட்டார், அக்கா. உங்களுக்குப் பிடித்தபடி இருங்கள்.

மறுமொழி: பழைய தமிழாசிரியர்

தம்பி காட்டிய குறள் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. அது கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், துறவுக் கோலம் பூண்டு மறைவில் தவறு செய்கிறவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது; அத்தையின் கூந்தலைப் பற்றி அதில் எதுவும் இல்லை. வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நின்ற பழக்கத்தால் இதைத் திருத்தாமல் கடந்துபோக முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். பெண்களின் கூந்தலைப் பழந்தமிழ் 'ஐம்பால்' என்று அழைத்தது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாக அதை முடிக்கலாம் என்று உரைகாரர்கள் விளக்கம் தருகிறார்கள். இந்த வயதுக்கு இந்த முடிப்பு என்ற பங்கீட்டை நான் எங்கும் படித்ததில்லை. நம் வழக்கில் இருந்த கட்டுப்பாடுகள் வேறு காரணங்களால் வந்தவை. கூந்தலை அவிழ்த்து விரித்தல் சாவு வீட்டுக்கு உரியது. தாயை இழந்த பதினெட்டு வயதுப் பெண்ணும் அங்கே தலைவிரித்துத்தான் அழுவாள். கணவனை இழந்தவள் கூந்தலைக் களைந்ததைப் புறநானூற்றின் 250ஆம் பாடல் காட்டுகிறது. அவள் இளம்பெண்ணாக இருந்தாலும் அதற்கு விலக்கு இல்லை. மூன்றாவது வேண்டுதல். தைப்பூசத்தின்போது பத்துமலையிலும் ஈப்போ கல்லுமலையிலும் முடி காணிக்கை செலுத்திய பாட்டிமாரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அறுபது வயதில் மொட்டைத் தலையுடன் நின்ற அவர்களை யாரும் குறை சொன்னதில்லை.

ஆகவே உங்கள் நாத்தனார் 'தலைவிரி கோலம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது, துக்கத்துக்கு உரிய ஒரு சொல்லை வயதுக்குப் பொருத்திவிட்டார் என்றே நான் கருதுகிறேன். மங்கல நிகழ்ச்சியில் கூந்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னால் அதில் பொருள் உண்டு. ஆனால் அந்த விதி மணப்பெண்ணின் தோழிகளுக்கும் பொருந்தும். அவர்களில் எத்தனை பேர் முடிந்துகொண்டு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வயது 67. மாதம் ஒரு முறை மீசைக்கும் தலைக்கும் சாயம் பூசுகிறேன். இந்த வயதில் இது எதற்கு என்று இதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.

மறுமொழி: நிபோங் திபால் தம்பி

ஆசிரியர் ஐயாவின் கருத்துடன் நான் முழுமையாக உடன்படவில்லை. நூலில் இல்லை என்பதற்காக ஒரு வழக்கம் பொருளற்றதாகிவிடாது. நான் வளர்ந்த தோட்டத்தில் நரைத்த தலையைப் படிய வாரிக் கொண்டை போட்ட பெரியம்மா ஒருவர் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் வந்து நின்றாலே, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தத் தோற்றத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது ஊர் அவர்களுக்குக் கொடுத்த அதிகாரம். அக்கா அதை விட்டுவிட்டால், கடைத்தெருவில் எல்லாரையும்போல ஒருவராக ஆகிவிடுவார் என்பதே என் வருத்தம். கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் நாத்தனார் கேட்டதைப் பொறாமையாகவோ அறியாமையாகவோ மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுமொழி: ஒட்டுப்பால்

தங்கச்சி, நான் சொல்லச் சொல்லப் பேத்தி இதைத் தட்டச்சு செய்கிறாள். நடையைத் திருத்தியதும் அவள்தான். எனக்கு 74 வயது. 1966இல், பதினாறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனேன்.

தம்பி கொண்டையை மதிப்பு என்கிறார். அந்தக் கொண்டை எங்கிருந்து வந்தது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்துக்கு மரம் ஓடுவோம். பிறகு மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றும்போது அது தெறிக்கும். கையில் பட்டால் உரித்து எடுத்துவிடலாம்; முடியில் பட்டுக் காய்ந்துவிட்டால் ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயைத் தடவி, அம்மா ஒவ்வொரு மயிராக உருவி எடுப்பார். வராவிட்டால் கத்தரிக்கோல்தான். அதோடு மரத்திலிருந்து விழும் எறும்பு, கம்பளிப்பூச்சி, எந்நேரமும் கொசு. அதனால்தான் இறுக்கிக் கொண்டை போட்டு, அதன் மேல் துண்டைக் கட்டினோம். பதினாறு வயதுப் பெண்ணும் கொண்டை, நாற்பது வயதுப் பெண்ணும் கொண்டை. மாலையில் குளித்து முடித்த பிறகுதான் பின்னலும் பூவும்.

எனக்குத் திருமணமாவதற்கு முன்பு பெரட்டுக் களத்தில் எடுத்த ஒரு படம் வீட்டில் இருக்கிறது. வரிசையில் நிற்கும் பதினோரு பேரும் கொண்டைக்காரிகள். அவர்களில் ஆறு பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பாட்டி எல்லாரும் கிழவி மாதிரி தலை வாரியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது. கொண்டை கிழவிகளுக்கு உரியதாக இருக்கவில்லை. கொண்டை போட்ட குமரிகள் வேலையை விட்ட பிறகும் கை மறக்காமல் அதையே போட்டுக்கொண்டு கிழவிகளானோம். எங்கள் பெண்பிள்ளைகள் பால் வெட்டப் போகாததால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இடையில் பிறந்தவர்கள் எங்களைப் பார்த்து, வயதானால் கொண்டை போட வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, ஊர் என்ன சொல்லுமோ என்று ஒன்பது ஆண்டுகள் பூ வைக்கவில்லை. எண்ணெய்கூடச் சரியாக வைக்கவில்லை. முழங்கை வலியால் கையைப் பின்னால் தூக்க முடியாமல் போனபோது மருமகள் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டாள். குளித்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. முதல் வாரம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி, குவாந்தான்

வாசகி அக்கா எழுதியதில் ஒரு வரியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். நெற்றியோரத்திலும் காதுகளுக்கு மேலேயும் முடி போய்விட்டது என்கிறார். பல ஆண்டுகள் ஒரே திசையில் இறுக்கி இழுத்துக் கட்டும்போது வேர்கள் தொடர்ந்து இழுபட்டு, முதலில் அந்த ஓரங்களில்தான் முடி கொட்டும். தொடக்க நிலையில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். நீண்ட காலம் அப்படியே விட்டுவிட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகி, பிறகு முளைக்காது. ஆகவே கொண்டையை அவிழ்த்தது அழகுக்காக என்றே வைத்துக்கொண்டாலும், தலைக்கும் அதுதான் நல்லது.

வயதுக்கும் முடிக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒவ்வோர் இழையும் சில ஆண்டுகள் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்த வளர்ச்சிக் காலம் குறுகி, இழையும் மெலிவதால், இருபது வயதில் இருந்த நீளமும் அடர்த்தியும் பலருக்குத் திரும்ப வருவதில்லை. மெலிந்த முடியைக் குட்டையாக வைத்தால் அடர்த்தியாகத் தெரியும், சிக்கும் குறையும். வயது வைக்கும் வரம்பு இவ்வளவுதான். அதை வைப்பது உடல், நாத்தனார் அல்ல.

சாயம் பூசச் சொல்லும் மகளிடம் இதைச் சொல்லுங்கள். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாராஃபெனிலீன்டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பல ஆண்டுகள் பூசி ஒன்றும் ஆகாதவர்களுக்கும் திடீரென ஒவ்வாமை வந்து, தலை அரித்து, கண் இமைகள் வீங்குவதை நான் பணியில் பார்த்திருக்கிறேன். பூசுவதாக இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்பு காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பாருங்கள். கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவதை நம்ப வேண்டாம். மருதாணி இலை நரையைச் செம்மையாக்குமே தவிரக் கறுப்பாக்காது. கறுத்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

முடி ஓரத்தில் மட்டும் அல்லாமல் தலை முழுவதும் கொட்டினாலோ, உடல் சோர்வும் சேர்ந்து இருந்தாலோ, அரசாங்க கிளினிக்குக்குப் போய் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெயை மாற்றி மாற்றிப் பணத்தைச் செலவு செய்துவிட்டுக் கடைசியில் அங்கே வருகிறவர்கள்தான் அதிகம்.

மறுமொழி: முடி அலங்காரத் தொழிலாளி

திருமணத்துக்கு மட்டும் ஒரு யோசனை சொல்கிறேன். ஈரத்தோடு கட்டாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, மேல் பாதியை மட்டும் எடுத்துப் பின்புறம் தளர்வாகத் துணி வளையத்தால் கட்டி, கீழ்ப் பாதியைத் தோளில் விடுங்கள். மல்லிகைச் சரத்தை முடியில் தொங்கவிட்டால் மெலிந்த முடியை அதன் எடை இழுக்கும். ஒரு கிளிப்பில் சுற்றி, அந்தக் கிளிப்பைக் கட்டின் மேல் குத்துங்கள். ஆரத்தித் தட்டுக்குக் குனியும்போது முடி முன்னால் விழாது. நரையை மறைக்க வேண்டாம், அக்கா. பட்டுப் புடவைக்கு அது நன்றாக இருக்கும். என்னிடம் சாயம் பூச வருகிறவர்களிடம் இப்படிச் சொல்வதில்லை, வியாபாரம் போய்விடும்.

மறுமொழி: சுங்கை சிப்புட் வாசகி

எழுதிய அனைவருக்கும் நன்றி. தாதி சகோதரி சொன்னபடி கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். சாயம் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. திருமணத்தன்று பாதி கட்டிப் பாதி விடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

நிபோங் திபால் தம்பி சொன்ன பெரியம்மாவைப் போன்றவர்தான் என் தாயாரும். அவரைப் பார்த்தும் ஊர் அடங்கும். ஆனால் அவர் கொண்டை போட்டதன் காரணத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒட்டுப்பால் அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான், என் சிறு வயதில் என் தாயார் தலையில் எப்போதும் வீசிய தேங்காய் எண்ணெய் வாசம் எதற்காக என்று தெரிந்தது.

நேற்று நாத்தனார் வந்திருந்தார். ஒட்டுப்பால் அம்மாவின் பதிவை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவரும் ஆறு ஆண்டுகள் பால் வெட்டியவர்தான். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் காதுக்கு மேலே முடி போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். போய்த்தான் இருந்தது.