பிரேக்பாயின்ட் பண்ணின சேட்டைகள்: உங்க அனுபவம் என்ன?

ஓசூர்:
சிப்காட்ல மோட்டார் டிரைவ் போர்டு பண்றோம், அதுல புரோகிராம் ஓடுற மைக்ரோகன்ட்ரோலர் சிப் எஸ்டிஎம்32எஃப்103. பிரேக்பாயின்ட்ல, அதாவது புரோகிராம் நிக்கணும்னு நாம குறிச்ச வரில, கரெக்டா நிக்கும். வேரியபிளைப் பார்த்துட்டு அடுத்த வரிக்கு ஸ்டெப் போட்டா, சிப் ரீசெட் ஆகி திரும்ப மெயின் ஃபங்ஷன் ஆரம்பத்துல போய் உக்காந்துக்கும். சப்ளை டிராப் ஆகுதுன்னு ஹார்டுவேர் பசங்க கெப்பாசிட்டரா மாத்திக்கிட்டு இருந்தாங்க. ரீசெட்டுக்குக் காரணம் சொல்ற ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டர்ல வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கிட்டா சிப்பை ரீசெட் பண்ற டைமர்) ஃப்ளாக் எழும்பி இருந்துச்சு, அதுதான் காட்டிக் கொடுத்துச்சு. வாட்ச்டாக்கோட கிளாக் தனி. புரோகிராமை ஓட்டுற கோர் நின்னாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருக்கும். புரோகிராம் எழுதுற கியூப் ஐடிஇ சாஃப்ட்வேரோட டீபக்கர் செட்டிங்ல, கோர் நிக்கும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்த ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டதும் சரியாச்சு.

பென்னாகரம்:
எங்களுக்குத் தொல்லை ஸ்லீப்லதான். சொட்டுநீர் வால்வு கன்ட்ரோலர், பேட்டரில ஓடுது. சிப் ஸ்டாப் மோடுக்கு (கிளாக்கை நிறுத்தித் தூங்குற நிலை) போனதும், கம்ப்யூட்டரையும் சிப்பையும் இணைக்கிற எஸ்டி-லிங்க் கனெக்‌ஷன் அறுந்துடும். ரீசெட்டைப் பிடிச்சுக்கிட்டே கனெக்ட் பண்ணி, டிபிஜிஎம்சியுல (சிப்புக்குள்ள டீபக் செட்டிங் இருக்கிற பகுதி) ஸ்டாப் பிட்டைப் போட்டா பிரேக்பாயின்ட் நிக்குது. இதுல ஒரு வில்லங்கம்: அந்த பிட் இருந்தா ஸ்டாப்லயும் கிளாக் ஓடும், ரீசெட் பட்டனை அழுத்தினாலும் பிட் அழியாது. அப்படியே கரன்ட் அளந்தா, மைக்ரோ ஆம்பியர் வர வேண்டிய இடத்துல மீட்டர் மில்லி ஆம்பியர் காட்டும். பேட்டரியைக் கழட்டி மாட்டிட்டு அளங்க.

கிருஷ்ணகிரி:
அண்ணா, காலேஜ் புராஜெக்ட். எனக்கு மூணு பிரேக்பாயின்ட் வெச்சாலே இடமில்லைன்னு சொல்லுது. அதே எஃப்103தான், பெங்களூரு எஸ்பி ரோட்ல வாங்கினது. டூப்ளிகேட்டா இருக்குமா?

ஓசூர்:
இருக்கலாம் தம்பி, ஆனா முதல்ல கம்பைலரோட ஆப்டிமைசேஷன் செட்டிங்கைப் பாருங்க. வேகத்துக்கான ஓ2 லெவல் போட்டிருந்தா, குட்டி ஃபங்ஷனை கம்பைலர் கூப்பிட்ட இடத்துலயெல்லாம் அப்படியே ஒட்டிடும். நாலு இடத்துல ஒட்டியிருந்தா, நீங்க வெச்ச ஒரே பிரேக்பாயின்ட் நாலு கம்பாரேட்டரை (பிரேக்பாயின்ட் முகவரியைக் கவனிக்கிற சர்க்யூட்) தின்னுடும். எஃப்103-ல இருக்கிற கோர் கார்டெக்ஸ் எம்3, அதுல இருக்கிறதே 6. மெயின்ல தானா நிக்க ஒண்ணு, ஸ்டெப் ஓவருக்கு அப்பப்ப ஒண்ணு. சின்ன கோர் எம்0-ன்னா அதிகபட்சம் 4தான். டீபக்குக்கான ஓஜி லெவல் போட்டு பில்ட் பண்ணுங்க.

கிருஷ்ணகிரி:
ஓஜி போட்டேன், நிக்குதுண்ணா!

தர்மபுரி:
ஓசூர் சார், மோட்டார் ஓடும்போதே பிரேக்பாயின்ட் வைப்பீங்களா? பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார்ல நாங்க வெச்சு, கரன்ட்டை ஸ்விட்ச் பண்ற ஒரு மாஸ்ஃபெட் புகைஞ்சிடுச்சு. கோர் நின்னாலும் பிடபிள்யூஎம் (மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் பண்ற துடிப்பு) அதே டியூட்டில, அதாவது அதே ஆன் நேர விகிதத்துல, ஓடிக்கிட்டு இருந்துச்சு. கம்யூட்டேஷன் (கரன்ட்டை அடுத்த வைண்டிங்குக்கு மாத்துறது) நடக்கல, ஒரே வைண்டிங்ல கரன்ட் ஏறிடுச்சு.

ஓசூர்:
வைக்கவே மாட்டோம் சார். மதிப்பையெல்லாம் ராம்ல ஒரு பஃபர்ல கொட்டிட்டு, மோட்டார் நின்னப்புறம் படிச்சுக்குவோம். கட்டாயம் நிறுத்தணும்னா பெஞ்ச் சப்ளைல கரன்ட் லிமிட்டை நல்லாக் குறைச்சு வெச்சுக்குங்க. டைமரையும் சேர்த்து நிறுத்த டிபிஜிஎம்சியுல பிட் இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. கோர் நின்னப்போ மாஸ்ஃபெட்டை ஆன் பண்ற கேட் பின் எந்த நிலையில உறையுதுன்னு மோட்டாரைக் கழட்டிட்டு ஆஸிலோஸ்கோப்ல பாருங்க. ஹைல உறைஞ்சுதுன்னா இன்னொரு மாஸ்ஃபெட் போயிடும்.