லொத்தர் சீட்டை எப்படிச் சரிபார்ப்பது, பரிசை எப்படிப் பெறுவது?

வயற்கரை (பரந்தன்) கேட்டது:

உறவுகளுக்கு வணக்கம். காலபோக நெல்லை விற்றதிலிருந்து அப்பா கிளிநொச்சிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு மூன்று லொத்தர் சீட்டுகளை வாங்கி வந்து சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார். மறுநாள் கைத்தொலைபேசியில் முடிவைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், ஒரு சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கின்றன; இன்னொன்றில் இராசிச் சின்னமும் நான்கு எண்களும் இருக்கின்றன; எதற்கு எந்த விதி என்பது எனக்குத் தெளிவாக விளங்கவில்லை. நான்கு இலக்கங்கள் பொருந்தியிருக்கின்றன என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சந்தைக்குப் போய்ப் பரிசு எதுவும் இல்லையென்று திரும்பி வந்தார்.

மகளிர் குழுக் கடனுக்குக் கட்ட வேண்டிய பணம் சீட்டுக்குப் போகிறது என்று அம்மா கோபிக்கிறார். அப்பாவோ இலக்கம் பார்த்து வாங்கினால் ஒருநாள் விழும் என்கிறார். விதிகளைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்று. இலக்கத்தைத் தெரிவுசெய்து வாங்குவதால் பயன் உண்டா, பரிசு விழுந்தால் எங்கே போக வேண்டும், வரி வெட்டுவார்களா என்பவற்றையும் அறிய விரும்புகிறேன்.

மாங்குளம் பழைய விற்பனையாளர் எழுதியது:

தங்கச்சி, ஏ9 வீதியோரத்தில் மேசை போட்டு லொத்தர் விற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் சீட்டு எந்தச் சபையுடையது என்று பாருங்கள். 1963 இல் நிறுவப்பட்ட தேசிய லொத்தர் சபையும், 1997 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அபிவிருத்தி லொத்தர் சபையும் இலங்கையின் தனித்தனியான அரச நிறுவனங்கள். மஹஜன சம்பத, கொவிசெத, மெகா பவர் ஆகியவை முதலாவதைச் சேர்ந்தவை. லக்ன வாசனா, சனிதா, அத கோடிபதி ஆகியவை இரண்டாவதைச் சேர்ந்தவை. மேசையில் எல்லாவற்றையும் ஒன்றாக விரித்து வைத்திருப்பதால் ஒரே இடத்துச் சரக்கு என்று சனம் நினைக்கிறது. ஆனால் ஒரு சபையின் சீட்டுக்கு மற்றச் சபை ஒரு சதமும் கொடுக்காது. பெரிய பரிசோடு கொழும்புக்குப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு நேர்ந்தது எதனால் என்று ஊகிக்க முடிகிறது. மஹஜன சம்பத போன்ற ஆறிலக்கச் சீட்டில் எத்தனை இலக்கங்கள் பொருந்துகின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கடைசி இலக்கத்திலிருந்து இடப்பக்கமாக, இடைவெளியின்றி எத்தனை பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். வென்ற இலக்கம் 482719 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 352719 இருந்தால் கடைசி நான்கு இலக்கங்கள் பொருந்துகின்றன, அதற்குப் பரிசு உண்டு. 482753 இருந்தாலும் நான்கு இலக்கங்கள் அதே இடத்தில்தான் நிற்கின்றன, ஆனால் அவை முன்பக்கத்தில் இருப்பதால் கடைசி நான்கு என்ற பரிசுக்குள் வராது. ஆறும் பொருந்தி, முன்னால் உள்ள ஆங்கில எழுத்தும் பொருந்தினால்தான் சுப்பர் பரிசு. எழுத்து மட்டும் பொருந்தினாலும், கடைசி இலக்கம் மட்டும் பொருந்தினாலும் கிடைப்பது சில்லறைப் பரிசு. பெரும்பாலானோர் அதை வாங்கி, அந்த இடத்திலேயே இன்னொரு சீட்டாக மாற்றிக்கொண்டு போவார்கள்.

லக்ன வாசனா, கொவிசெத ஆகியவற்றின் கணக்கு வேறு. அவற்றில் நான்கு எண்களும் தனித்தனி எண்கள். குலுக்கலில் எந்த வரிசையில் வந்தாலும் உங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் போதும். அவற்றோடு லக்ன வாசனாவில் இராசிச் சின்னமும், கொவிசெதவில் ஆங்கில எழுத்தும் சேர்ந்தால்தான் முதற்பரிசு. பரிசு எத்தனை வகை, எதற்கு எவ்வளவு என்ற அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால், கையிலுள்ள சீட்டில் அச்சிட்டிருப்பதையே நம்புங்கள். போன வருடச் சீட்டை வைத்துக்கொண்டு என்னோடு வாதாடியவர்கள் ஒருவர் இருவரல்லர்.

முடிவைப் பார்க்கும்போது இலக்கத்துக்கு முன்னால் சீட்டிழுப்பு இலக்கத்தையும் திகதியையும் ஒப்பிடுங்கள். நாளைய சீட்டையும் மறுநாள் சீட்டையும் விற்பனையாளர் முன்கூட்டியே வைத்திருப்பார். திங்கட்கிழமைச் சீட்டை ஞாயிற்றுக்கிழமை முடிவோடு பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையென்று கசக்கி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். முடிவுகளைச் சபைகளின் இணையத்தளத்திலோ நாளிதழிலோ பார்க்கலாம். முகநூலில் யாரோ தட்டச்சிட்டுப் போடும் முடிவில் ஓர் இலக்கம் பிசகினாலும் உங்களுக்குத்தான் நட்டம். விற்பனையாளரிடம் கொடுத்தால் சீட்டிலுள்ள குறியீட்டை ஸ்கான் செய்தும் சொல்வார்.

சூத்திரம் (வவுனியா) எழுதியது:

மாங்குளத்து அண்ணையின் விளக்கத்தோடு, இலக்கத்தைத் தெரிவுசெய்து வாங்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஆறு இலக்கங்கள் என்றால் 000000 முதல் 999999 வரை 10 இலட்சம் வகைகள். 26 எழுத்துகளால் பெருக்கினால் 2 கோடி 60 இலட்சம். ஒரு சீட்டுக்கு எழுத்தும் ஆறும் சேர்ந்து பொருந்துவதற்கு இருக்கும் வாய்ப்பு அதில் ஒன்று. நாளுக்கு ஒரு சீட்டு வீதம் தவறாமல் வாங்குபவர், சராசரியாக ஒருமுறை வெல்வதற்கு 71,000 ஆண்டுகளுக்கு மேல் வாங்க வேண்டும். இராசிச் சீட்டு வகையில் எண்கள் எத்தனையிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். உதாரணமாக, 70 எண்களிலிருந்து நான்கை எடுப்பதாகக் கொண்டால் 9,16,895 கூட்டங்கள் வரும்; 12 இராசிகளால் பெருக்கினால் 1 கோடி 10 இலட்சத்தைத் தாண்டும். ஆறிலக்கச் சீட்டைவிட வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது என்று இதைச் சொல்லலாம், பிழையில்லை. ஆனால் கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுவதற்கும் குளத்தில் விழுந்த மோதிரத்தைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது, இங்கே கிணறும் இரணைமடுக் குளமளவு பெரியது.

அப்பா இலக்கம் பார்த்து வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டில் மேசையில் விற்கும் சீட்டுகள் இலக்கம் அச்சிட்டே வருகின்றன. வாங்குபவர் தம் விருப்ப இலக்கத்தை எழுதிக் கொடுப்பதில்லை, விற்பனையாளரின் கையிலுள்ள கட்டிலிருந்து ஒன்றை உருவுகிறார், அவ்வளவுதான். 7 இல் முடியும் சீட்டும் 3 இல் முடியும் சீட்டும் ஒரே எடை கொண்டவை. நேற்று 7 வந்தது என்பதற்காக இன்று பந்து இயந்திரம் அதைத் தவிர்க்காது, விரும்பியும் எடுக்காது. போன மாதம் முதற்பரிசு விழுந்த மேசையில் வாங்குவதும் இதே வகைதான்; அதிகம் விற்கும் மேசையில் அதிகம் விழுவது இயல்பு, அதனால் அங்கே வாங்கும் ஒரு சீட்டின் வாய்ப்புக் கூடிவிடாது.

சுப்பர் பரிசு வெல்லப்படாத நாளெல்லாம் தொகை அடுத்த சீட்டிழுப்புக்குக் கூடிக்கொண்டு போகும். கூடியிருக்கும்போது வாங்குவது இலாபமல்லவா என்று மாணவர்களும் கேட்பதுண்டு. கூடியிருக்கும்போது வாங்குவது குறைந்திருக்கும்போது வாங்குவதைவிட நல்லது என்பது உண்மை. ஆனால் 2 கோடி 60 இலட்சம் வகைகளையும் வாங்க, சீட்டு 40 ரூபா வீதம் 104 கோடி ரூபா வேண்டும். பரிசுத்தொகையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மீதி விளங்கும். விற்ற பணத்திலிருந்து விற்பனையாளர் தரகும் அச்சுச் செலவும் அரசுக்குப் போகும் பங்கும் கழிந்த பிறகே பரிசுக்கு ஒதுக்கப்படுகிறது. ஆகவே வாங்குவோர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் போட்டதைவிடக் குறைவாகவே திரும்பி வரும். இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல, லொத்தர் என்பதே அப்படி அமைக்கப்பட்டதுதான்.

இன்னொன்று. 2023 இல் சீட்டின் விலை 20 ரூபாவிலிருந்து 40 ரூபாவாக உயர்ந்தது. நாளுக்கு இரண்டு சீட்டு வாங்கும் பழக்கமுள்ளவருக்கு முன்பு ஆண்டுக்கு 14,600 ரூபா போயிற்று. இப்போது 29,200 ரூபா போகிறது. அம்மாவின் கோபத்துக்குக் கணக்கில் இடமுண்டு.

வயற்கரை (பரந்தன்) எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 482753 உதாரணத்தை அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். இவ்வளவு காலமும் முன்னிருந்தே பார்த்ததாகச் சொன்னார். அம்மாவிடம் 29,200 ரூபாக் கணக்கைக் காட்டவில்லை, வீட்டில் அமைதி வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள். பெரிய பரிசு விழுந்த சீட்டைக் கொழும்புக்குக் கொண்டுபோய் அலைய வேண்டாம், என்னிடம் தந்தால் சிறிது கழித்துக்கொண்டு காசாகவே தருகிறேன் என்று சந்தையில் ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இப்படிக் கொடுப்பது வழக்கமா? மேலும், கேரள லொத்தரை வாட்ஸ்அப்பில் வாங்கலாம் என்று தம்பிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. பெயரும் படமும் உண்மையானவை போலவே இருக்கின்றன.

முள்ளியவளை வாசகி எழுதியது:

வங்கியில் வேலை செய்கிறேன், அதனால் முதற் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். சீட்டை அப்படி விற்காதீர்கள். சிறிய பரிசை எந்த விற்பனையாளரிடமும் மாற்றலாம், அது முறையானது. பெரிய பரிசுக்கு உரிமையாளர் தேசிய அடையாள அட்டையுடன் உரிய சபையை நாடி, வங்கிக் கணக்கு விபரத்தைக் கொடுத்துப் பெற வேண்டும். இன்னொருவர் பெயரில் அந்தப் பணம் போனால், பின்னர் அவர் சொன்ன தொகையைத் தராவிட்டால் முறையிடுவதற்கு உங்களிடம் ஓர் ஆவணமும் இராது. சீட்டைக் கொண்டு வருபவரே உரிமையாளர் என்பதுதான் நடைமுறை என்பதால், வாங்கியவுடன் பின்புறத்தில் அப்பாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். இலக்கங்கள் மீதோ குறியீடு மீதோ மை படக் கூடாது. கிழிந்த, திருத்திய, இலக்கம் தெளிவில்லாத சீட்டுகளை ஏற்க மாட்டார்கள். சாமிப்படத்துக்குப் பின்னால் வைப்பது பக்திக்கு நல்லது, ஆனால் கற்பூரப் புகையும் எண்ணெயும் குறியீட்டைக் கெடுக்கும். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். சீட்டிழுப்பு நடந்து ஆறு மாதங்களுக்குள் பரிசைக் கோர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத லொத்தர் வெற்றிக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்டால் 14 சதவீதம் கழித்த பிறகே கையில் கிடைக்கும். 20 இலட்சம் ரூபாப் பரிசென்றால் 2 இலட்சத்து 80 ஆயிரம் கழிந்து 17 இலட்சத்து 20 ஆயிரம் வரும். கழிப்பதைச் சபையே செய்யும். வென்றவர் முன்கூட்டி யாருக்கும் வரியோ கட்டணமோ அனுப்ப வேண்டியதில்லை. எங்கள் வங்கிக்கு அவ்வாறு அனுப்ப வந்து நின்ற ஒரு ஐயாவை மறித்துக் கேட்டபோது, அவர் எந்தச் சீட்டுமே வாங்கியிருக்கவில்லை. பரிசு விழுந்ததாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தது.

தலைமன்னார் திரும்பியவர் எழுதியது:

தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து ஊர் திரும்பியவன் என்பதால் கேரள லொத்தரைப் பற்றிச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2003 முதல் லொத்தருக்குத் தடை. கேரளத்தில் 1967 இலிருந்து அரசே நடத்துகிறது, அது உண்மையான லொத்தர்தான். ஆனால் அது காகிதச் சீட்டாக முகவரிடம் நேரில் வாங்க வேண்டியது. அந்த அரசு இணையவழியில் விற்பதில்லை. பரிசு கோரவும் அசல் சீட்டை, சீட்டிழுப்பு நடந்து 30 நாட்களுக்குள் அங்கே ஒப்படைக்க வேண்டும். தம்பியிடம் காசு வாங்குபவர் அனுப்பப்போவது ஒரு சீட்டின் படம் மட்டுமே. அதே படத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்று தம்பியால் அறிய முடியாது. அந்த இலக்கத்துக்கே பரிசு விழுந்தாலும் அசல் சீட்டு அங்கே அவர் கையில் இருக்கும். செய்தி அனுப்பிய இலக்கத்தைத் தடுத்துவிடச் சொல்லுங்கள்.

மாங்குளம் பழைய விற்பனையாளர் எழுதியது:

முள்ளியவளைத் தங்கச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்பவர்கள் சில வேளை பரிசுத் தொகையையே குறைத்துச் சொல்வார்கள். கடைசி நான்கு பொருந்திய சீட்டைப் பார்த்துக் கடைசி மூன்றுதான் என்று சொல்லிச் சில நூறு ரூபாவைக் கையில் வைத்துவிட்டுப் போனால், முன்னிருந்து எண்ணிப் பழகிய ஒருவருக்கு அது விளங்கவே விளங்காது. அதனால் அப்பா மேசைக்குப் போவதற்கு முன் எத்தனை இலக்கம், எந்தப் பரிசு என்று நீங்களே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். விற்பனையாளர் சொல்வதும் துண்டில் இருப்பதும் வேறாக இருந்தால் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகச் சொல்லுங்கள். கிளிநொச்சிச் சந்தையடியில் அடுத்த மேசைக்குப் பஞ்சமில்லை.