ராத்திரி கார்டில் 65,645 ரூபாய் போய்விட்டது, ஓடிபி வரவே இல்லை

பவானி ஸ்டுடியோ:
வணக்கம். பவானியில் சின்னதாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இன்று விடிகாலை 2:14-க்கு என் கிரெடிட் கார்டில் 85 ரூபாய் எடுத்ததாக மெசேஜ். அடுத்த ஏழு நிமிடத்தில் 32,780. மறுபடியும் அதே 32,780. முகூர்த்த நாள், இரண்டு கல்யாணம் முடித்துவிட்டு வந்து கட்டையாகக் கிடந்தேன். ஆறு மணிக்குத்தான் பார்த்தேன். ஆப்பில் கார்டை பிளாக் செய்துவிட்டு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், அரை மணி நேரம் மியூசிக். அப்புறம் "ஓடிபியை யாருக்காவது சொல்லியிருப்பீங்க சார்" என்கிறார்கள். வந்தால்தானே சொல்ல? கார்டு என் பர்ஸிலேயே இருக்கிறது. பின்னால் இருக்கும் மூன்று எண்ணைக்கூட வாங்கிய அன்றே பிளேடால் சுரண்டிவிட்டேன். எப்படி எடுத்தார்கள்? பணம் திரும்புமா?

பழைய கேஷியர்:
சுரண்டியதெல்லாம் பெட்ரோல் பங்க் பையனிடமிருந்து காப்பாற்றும். வெளிநாட்டுத் தளம் எதிலாவது நீங்களே அந்த எண்ணை அடித்தீர்களா? பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி (நீங்கள் சுரண்டிய அந்த மூன்று எண்) இருந்தால் போதும். அந்த 85 ரூபாய் ஏறக்குறைய ஒரு டாலர். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்கிறான்.

பணத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தவறு உங்களுடையதும் இல்லை, பேங்குடையதும் இல்லை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தவறு உங்கள்மேல் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது பேங்க். "சொல்லியிருப்பீங்க" என்பது நிரூபணம் ஆகாது. போனில் சொன்னதோடு விடாமல் மெயிலிலும் எழுதி, புகார் எண் வாங்குங்கள். பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். பில்லில் மீதி இருக்கிற உங்கள் சொந்தச் செலவை மட்டும் தவறாமல் கட்டிவிடுங்கள்.

பவானி ஸ்டுடியோ:
சார், நீங்கள் சொன்னதும் பொட்டில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. போன மாதம் ஆல்பம் டிசைன் ஒன்றை ஆறு டாலருக்கு ஒரு தளத்தில் வாங்கினேன். அதற்காகத்தான் ஆப்பில் 'இன்டர்நேஷனல்' சுவிட்சைப் போட்டேன். அணைக்கவில்லை.

சேலம் தம்பி:
அண்ணா, அங்கேதான் ஓட்டை. 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் ஆன்லைனும் வெளிநாடும் மூடியேதான் வரும், நாம்தான் திறக்க வேண்டும். நான் வாங்குகிற ஐந்து நிமிடத்துக்கு மட்டும் திறப்பேன். ஆன்லைன் லிமிட்டையும் 3,000 ரூபாயில் வைத்திருக்கிறேன். மறந்து திறந்தே கிடந்தாலும் அதற்குமேல் போகாது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தீர்களா? அங்கே தரும் புகார் எண்ணை வாங்கி பேங்க் மெயிலிலும் போடுங்கள்.

பவானி ஸ்டுடியோ:
1930 ஆயிற்று, மெயிலும் போய்விட்டது. இடையில் இன்னொரு கூத்து. கோபத்தில் பேங்கை டேக் செய்து ட்விட்டரில் புலம்பினேன், போன் நம்பரோடு. பத்தே நிமிடத்தில் அழைப்பு. "சார், உங்க 65,645 ரீஃபண்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, டெபிட் கார்டு டீட்டெயில் சொல்லுங்க." அவ்வளவு மரியாதையான தமிழ். தொகையைச் சரியாகச் சொன்னதால் நம்பி, சிவிவி வரை படித்துக் காட்டிவிட்டேன் (தொகையை ட்வீட்டில் போட்டதே நான்தான்!). ஓடிபியும் வந்தது. இரண்டு எண் சொல்லியும் விட்டேன். பக்கத்தில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த என் மனைவி போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ரீஃபண்டுன்னா எதுக்குங்க 18,500 ரூபாய் பேமென்ட்னு போட்டிருக்கு?" என்றாள். கட் செய்துவிட்டேன். இப்போது டெபிட் கார்டும் பிளாக்.

பழைய கேஷியர்:
அம்மாவுக்கு என் வணக்கம். முதலில் அந்த ட்வீட்டை அழியுங்கள்.